ஒரு நாடு எவ்வளவு அடி தாங்கும்?

2021 ஜூலை இரண்டாம் வாரம். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருமுனைக் கடையில் ரொட்டி இல்லை, பால் இல்லை. பெட்ரோல் கராஜை அடைத்துவிட்டார்கள். திறந்திருந்த ஒரே சூப்பர்மார்க்கெட்டின் வரிசை அடுத்த தெருவையும் தாண்டிப் போனது. ஆளுக்கு இரண்டு ரொட்டிதான். எந்த நாடும் தென்னாப்பிரிக்காவின் மேல் படையெடுத்து வரவில்லை. புயல் இல்லை, பஞ்சம் இல்லை. மாவும் பாலும் பெட்ரோலும் நாட்டுக்குள் இருக்கத்தான் செய்தன. அவை எங்களிடம் வந்து சேரும் வழிதான் அறுந்து கிடந்தது.

நாட்டின் பாதுகாப்பு என்றதும் எல்லை, ராணுவம், போர்க்கப்பல் என்றுதான் மனம் போகும். அவையும் வேண்டும்தான். ஆனால் டர்பனில் அந்த வாரத்தைக் கடந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் கொஞ்சம் விரிந்துவிட்டது. அப்போதிலிருந்து வானொலியிலும் பத்திரிகையிலும் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்லைத் தமிழில் எளிமையாகச் சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறேன். சிலர் அதை ‘மீள்திறன்’ என்று எழுதுகிறார்கள். எனக்குத் ‘தாங்குதிறன்’ பிடித்திருக்கிறது. “அடி தாங்குமா?” என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு அது பக்கத்தில் நிற்கிறது.

பொருள் இதுதான்: அடி விழும்போது ஒரு நாடு எவ்வளவு தாங்குகிறது, ஒன்று உடைந்தால் அதோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் சரிகின்றன, சரிந்ததை யார் எத்தனை நாளில் நிமிர்த்துகிறார்கள்.

மெர்பேங்கில் இருக்கும் என் ஆயாவின் சமையலறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மின் அடுப்பு இருக்கிறது. மேசைக்கு அடியில் கேஸ் அடுப்பும் இருக்கிறது. ஒரு மூட்டை அரிசி, ஒரு வாளி டால், பின்கட்டில் மூடி போட்ட டிரம்மில் தண்ணீர். கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர் அவர். கடையும் குழாயும் என்றைக்கும் இருக்கும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை. மின்சாரம் போனால் ஆயா வீட்டில் சோறு கொஞ்சம் தாமதமாகும், நிற்காது. ஒரு வழி அடைந்தால் இன்னொரு வழி, ஒரு வாரத்துக்குக் கையிருப்பு, அடுப்பைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை. நாட்டுக்கும் இதே மூன்றும்தான் தேவை. அளவு மட்டும் பெரிது.

சரி, இதில் தொழில்நுட்பம் எங்கே வருகிறது, உலக அரசியல் எங்கே வருகிறது? தொழில்நுட்பம் தனித்தனியாக இருந்த கயிறுகளை ஒரே முடிச்சில் கட்டுகிறது. வேலை வேகமாக நடக்கிறது, செலவு குறைகிறது. ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் சேர்ந்து அவிழும். உலக அரசியல் என்பது அந்தக் கயிற்றின் மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டால், நாம் எந்தப் பக்கமும் சேராவிட்டாலும் கயிறு இழுபடும்.

துறைமுகம்

டர்பனில் பிறந்தவர்களுக்குத் துறைமுகம் வீட்டுத் திண்ணை மாதிரி. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கிய இடம் அது. இன்று நாட்டுக்கு வந்துபோகும் கன்டெய்னர் சரக்கில் சுமார் 60 சதவீதம் அதன் வழியாகத்தான் போகிறது. ஜொகன்னஸ்பர்க்குக்கான சரக்கு என்3 நெடுஞ்சாலையில் லாரிகளில் ஏறுகிறது. அந்தச் சாலை அடைந்தால் நாட்டின் உள்பகுதியே மூச்சு முட்டும்.

2021 ஜூலை 7ஆம் தேதி இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனார். அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில், இரண்டு நாள்களில் மூய் ரிவர் பக்கம் என்3 சாலையில் லாரிகள் எரிந்தன. அதன்பின் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. லாரி வர வழியில்லாததால், நாட்டின் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையாக இருந்த சாப்ரெஃப் வேலையை நிறுத்தியது. டர்பனில் பெட்ரோல் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கலவரம் அடங்கி மூச்சு விடுவதற்குள், ஜூலை 22ஆம் தேதி துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மேல் சைபர் தாக்குதல் நடந்தது. எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதெல்லாம் ஒரு மென்பொருளுக்குத்தான் தெரியும். அது நின்றதும் தாளும் பேனாவும் எடுத்தார்கள். டர்பன், கேப் டவுன் உட்பட கன்டெய்னர் முனையங்களில் ‘இது எங்கள் கையை மீறிய நிலை’ என்று சட்டப்படி அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய ஒரு வாரம் சரக்கு தள்ளாடியது.

இந்த இரண்டு அடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தீ, கூட்டம், கண்ணீர்ப்புகை. மற்றொன்றில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ எங்கிருந்தோ கணினியைப் பூட்டினார்கள். கன்டெய்னருக்குக் காத்திருந்த வியாபாரிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தது. முன்பெல்லாம் ஒரு துறைமுகத்தை அடைக்கக் கடற்படை வேண்டும். இப்போது அது தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினி அறையையும் கோட்டை வாசலாக எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது என்று சொல்வது அதனால்தான். 2024 ஜூனில் அரசு மருத்துவ ஆய்வகங்களின் கணினி அமைப்பும் இதே மாதிரி பூட்டப்பட்டது. இரத்தப் பரிசோதனை நடந்தது, முடிவு மருத்துவருக்குப் போகவில்லை. அவசரமானவற்றைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்கள். தாளும் பேனாவும் தொலைபேசியும் பழைய காலத்துப் பொருள்கள் என்று நினைத்திருந்தோம். அடி விழுந்த நாளில் அவைதான் கேஸ் அடுப்பு.

உலக அரசியல் துறைமுகத்தை வேறு விதமாகவும் தொட்டது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். சூயஸ் கால்வாய் வழியைத் தவிர்த்த கப்பல்கள் பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதலானாலும் பரவாயில்லை என்று நம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. சூயஸ் திறப்பதற்கு முன்பிருந்த பழைய கடல்வழி மறுபடி உயிர்பெற்றது. டர்பனுக்கு நல்ல காலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதே நவம்பரில் டர்பனுக்கு வெளியே டஜன் கணக்கில் கப்பல்கள் இடம் கிடைக்காமல் காத்துக் கிடந்தன. நார்த் பீச்சில் நின்றால் அடிவானத்தில் வரிசையாகத் தெரிந்தன. பல ஆண்டுகளாகப் புதிய கிரேன்கள் வாங்காமல், இருந்தவற்றைச் சரியாகப் பழுதுபார்க்காமல் விட்டதன் விளைவு அது. வாய்ப்பு வாசலைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தோம். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. தாங்குதிறன் அடியைத் தாங்க மட்டும் அல்ல, காற்று நம் பக்கம் திரும்பும்போது பாயை விரிக்கவும் வேண்டும்.

கடலுக்கு அடியில்

டர்பனிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் ம்துன்சினி என்ற சின்ன ஊர் வரும். பனை மரங்கள், கழிமுகம், அமைதி. அந்தக் கடற்கரையில்தான் சில கடலடிக் கேபிள்கள் கரை ஏறுகின்றன. அதில் ‘சேஃப்’ என்ற கேபிள் 2002ஆம் ஆண்டிலிருந்து ரியூனியன், மொரீஷியஸ் தீவுகளைத் தொட்டு, கொச்சி வழியாகப் பினாங்கு வரை போகிறது. நம் முன்னோர்கள் கப்பலில் சிதறிய ஊர்களை ஒரு கண்ணாடி இழை சேர்த்துக் கட்டியிருப்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

நாடுகளுக்கு இடையே போகும் இணையத் தகவலில் 95 சதவீதத்துக்கும் மேல் இந்தக் கேபிள்களில்தான் போகிறது. செயற்கைக்கோளில் போவது மிகக் கொஞ்சம். ஆழ்கடலில் கேபிளின் தடிமன் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் அளவுதான். வங்கி, மருத்துவமனை, விமான நிலையம், சென்னைக்குப் பேசும் வீடியோ அழைப்பு எல்லாம் அதற்குள்ளே.

2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே, கடலடிப் பள்ளத்தாக்கில் மண் சரிந்து ‘வாக்ஸ்’, ‘சாட்-3’ என்ற இரண்டு கேபிள்களும் சேர்ந்து அறுந்தன. கணக்கில் இரண்டு கயிறு. ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தைக் கடந்து போனதால், அடி விழும் நேரத்தில் அவை ஒன்றுதான். மாற்று வழி என்று சொல்லும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. அவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆபத்துக்கு நடுவே போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆயா வீட்டில் இரண்டு மின் அடுப்பு வாங்கி வைத்திருந்தால் என்ன பயன்?

2024இல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடி. பிப்ரவரியில் செங்கடலில் ஏவுகணை தாக்கிய ‘ரூபிமார்’ என்ற கப்பல் அலைந்து போனபோது அதன் நங்கூரம் இழுபட்டு, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வரும் ‘சீகாம்’ உட்பட மூன்று கேபிள்கள் அறுந்ததாகக் கருதப்படுகிறது. மார்ச் 14ஆம் தேதி மேற்கே ஐவரி கோஸ்ட் கடலில் நான்கு கேபிள்கள் அறுந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இணையம் கிட்டத்தட்ட படுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் தடுமாற்றம் இருந்தது. ஆனால் படுக்கவில்லை. 2022இல் கேப் டவுன் அருகே கரை ஏறிய ‘ஈக்வியானோ’ கேபிள் அப்போது அறுபடாமல் இருந்தது. சுமையை அது வாங்கிக்கொண்டது. மே மாதம் டர்பனுக்கு வடக்கே கிழக்குக் கடற்கரையில் மறுபடி இரண்டு கேபிள்கள் அறுந்தபோதும் நம் பக்கம் சமாளித்தது, வடக்கே இருக்கும் நாடுகள்தான் திணறின. அடி எல்லோர் மேலும் விழுந்தது. வேறு வழியில் போகும் கயிறு யாரிடம் இருந்ததோ அவர்கள் நின்றார்கள்.

அப்புறம், பழுதுபார்ப்பது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கதையின் பாதி இதில்தான் இருக்கிறது. கேபிள் அறுந்தால் அதைத் தேடிக் கொக்கியால் மேலே இழுத்து, முனைகளை ஒட்டி, மறுபடி கடலில் இறக்க வேண்டும். அதற்கென்றே கட்டிய கப்பல் வேண்டும். ‘லியோன் தெவெனன்’ என்ற அப்படிப்பட்ட கப்பல் கேப் டவுனில் நிற்கிறது, 1983இல் கட்டப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி எங்கே அறுந்தாலும் பெரும்பாலும் அதைத்தான் கூப்பிடுவார்கள். 2023இல் பழுது நீங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. செங்கடலில் அதைவிட எத்தனையோ மாதங்கள். கடலின் ஆழம் அங்கே பிரச்சினை இல்லை. ஏமனில் அதிகாரத்துக்குப் போட்டி போடும் இரண்டு தரப்பில் யாரிடம் அனுமதி வாங்குவது என்பதுதான் பிரச்சினை. கப்பல் தயார், ஒட்டத் தெரிந்த கை தயார், ஆனால் கயிற்றின் மறுமுனை இன்னொருவர் சண்டையில் சிக்கியிருக்கிறது. தொழில்நுட்பமும் உலக அரசியலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எண்ணெய், மின்சாரம்

தூரத்துச் சண்டை சமையலறைக்குள் வருவதற்கு இன்னொரு உதாரணம். 2022இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததும் இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை தாவியது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி வயல்தானே, நமக்கென்ன என்று பலர் கேட்டார்கள். விளைவது இங்கேதான், ஆனால் விலை முடிவாவது உலகச் சந்தையில். அந்தச் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்து வந்தது. சொந்த மண்ணில் விளைந்தால் பசி தாங்கலாம், விலையைத் தாங்க முடியாது.

பெட்ரோலுக்கும் இதே கதைதான், கொஞ்சம் சிக்கலாக. மெர்பேங்குக்குப் பக்கத்தில் வென்ட்வொர்த்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பரில் தீப்பிடித்தது. அது மறுபடி எண்ணெய் சுத்திகரிக்கவில்லை. சாப்ரெஃப் 2022 மார்ச்சில் நின்றது, அடுத்த மாதமே வெள்ளத்தில் மூழ்கியது. முன்பு கச்சா எண்ணெய் கப்பலில் வந்தது, இங்கே பெட்ரோல் ஆனது. இப்போது டர்பனில் பெட்ரோலாகவே கப்பலிலிருந்து இறங்குகிறது. நாட்டின் பாதுகாப்புக் கணக்கில் இது பலவீனம் என்பார்கள், சரிதான். ஆனால் அந்தப் புகையில் மூச்சிரைப்போடு வளர்ந்த மெர்பேங்க் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுடைய நுரையீரலை எண்ணாத பாதுகாப்புக் கணக்கை என்னால் முழுமையானது என்று ஏற்க முடியவில்லை.

மின்சாரத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். 2023இல் 330 நாள்களுக்கு மேல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு. ரோபோட்டுகள் அணைந்து, சாலைச் சந்திப்பில் ஒவ்வொருவரும் கை காட்டிக் கடந்தோம். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோட் என்றுதான் பெயர்.) பல மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரும், சிக்னல் போகும், கடையில் கார்டு மெஷின் வேலை செய்யாது. ஒன்று விழுந்தால் வேறு எவை விழும் என்று தொடக்கத்தில் கேட்டேனே, அதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் நாட்டின் கூரைகளில் இருந்த சூரிய மின் பலகைகளின் திறன் 1,000 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. 2023 நடுவில் அது 4,400 மெகாவாட்டைத் தாண்டியது என்று மின் நிறுவனமான எஸ்காம் மதிப்பிட்டது. அரசு திட்டம் போட்டு முடிப்பதற்குள் வீடுகளும் கடைகளும் செய்துவிட்டன. 2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதங்கள் லோட் ஷெடிங் இல்லாமல் போனதில் மின் நிலையங்களைப் பழுதுபார்த்ததற்கும் பங்கு உண்டு, இந்தக் கூரைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பலகைகளில் பெரும்பாலானவை சீனாவில் செய்தவை. ஒரு கயிறு நீங்கி இன்னொன்று வந்திருக்கிறது. பலகையை ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும், பெட்ரோலை வாரா வாரம் வாங்க வேண்டும் என்பதால் இந்தக் கயிறு எவ்வளவோ தளர்வானது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வாங்க முடிந்தவன் வீட்டில் விளக்கு எரிந்தது, முடியாதவன் தெரு இருண்டே கிடந்தது என்பது. தனித்தனி வீடுகள் அடி தாங்கினால் நாடு தாங்கிவிட்டது என்று பொருளாகாது.

தெருவில் இருக்கும் கயிறு

மறுபடி 2021 ஜூலைக்கு வருகிறேன். அந்தக் கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். போலீஸ் பல இடங்களில் வரவே இல்லை. உளவுத் துறையும் போலீசும் கடமையில் தவறியதை அதிபர் அமைத்த நிபுணர் குழுவே பின்னர் எழுதியது. எங்கள் தெருவில் ஆண்கள் முறை வைத்துக் காவல் நின்றார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். யார் வீட்டில் குழந்தைக்குப் பால்மாவு இல்லை, யாரிடம் இன்சுலின் மிச்சம் இருக்கிறது, எந்த பேக்கரி காலையில் திறக்கும் என்று அதில்தான் தெரிந்தது. அந்தக் குழு இல்லாவிட்டால் சில வீடுகள் மிகவும் கஷ்டப்பட்டிருக்கும்.

அதே வாட்ஸ்அப்பில்தான், “அவர்கள் வண்டி வண்டியாக நம் தெருவுக்கு வருகிறார்கள்” என்ற செய்தியும் வந்தது. எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாத வீடியோவோடு. ஒரே இரவில் நான்கு முறை. ஒரு முறைகூட யாரும் வரவில்லை. எங்கள் தெருவில் பயத்தோடு முடிந்தது. ஃபீனிக்ஸில் அப்படி முடியவில்லை. இந்தியர்கள் அதிகம் வாழும் அந்தப் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் உறவினரைத் தேடிப் போனவர்களும் அவர்களில் உண்டு. காவல் என்று தொடங்கியது சாலைத் தடுப்பு ஆகி, நிறம் பார்த்து வண்டியை நிறுத்துவது ஆகி, அப்படி முடிந்தது. நம் சமூகத்தில் பலர் இதைப் பேச விரும்புவதில்லை. தாங்குதிறனை விளக்க உட்கார்ந்துவிட்டு இதை விட்டுவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

ஏனென்றால் நம்பிக்கையும் ஒரு கட்டுமானம்தான், துறைமுகம் மாதிரி, கேபிள் மாதிரி. அது நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே வேண்டுமென்றே அறுக்கப்பட்டது. யார் எந்தத் தெருவில் வாழலாம் என்று சட்டம் போட்டு, இந்தியர்களுக்கு சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், கறுப்பின மக்களுக்கு உம்லாசி, குவா மாஷு என்று தனித்தனியே பிரித்து வைத்தார்கள். 1991இல் அந்தச் சட்டம் போனது, தெருக்களின் அமைப்பு அப்படியே நின்றது. பக்கத்துப் பகுதி மனிதரை முகம் தெரியாதவராகவே வைத்திருந்த ஊரில், போலி வீடியோ ஒன்று எவ்வளவு சேதம் செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தது. இன்று வெளியிலிருந்து ஒரு நாட்டைக் குலைக்க நினைப்பவர்கள் இந்த விரிசலைத்தான் தேடுகிறார்கள். சைபர் தாக்குதலுக்குக்கூடத் திறமை வேண்டும். விரிசல் ஏற்கெனவே இருந்தால் வதந்திக்கு ஒரு செல்பேசி போதும்.

எங்கள் குழு இன்னும் இருக்கிறது. அந்த ஜூலைக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். நேரில் பார்க்காததை எழுதக் கூடாது. எழுதினால் எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டாவது, கீழே பள்ளத்தில் இருக்கும் குடிசைப் பகுதியிலிருந்து சிலரையும் சேர்த்தோம். முதலில் எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். குழுவில் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து ஓடத் தொடங்கின. ஆயா வயதுக்காரர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்கிறார்கள்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வெள்ளம் வந்தது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பாலங்கள் போயின, கன்டெய்னர்கள் சாலையில் மிதந்து வந்தன. டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்ததால் அந்த ஊர் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தது. எங்கள் பக்கமும் குழாய் வறண்டது. தண்ணீர் டேங்கர் எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குழுவில் முதலில் எழுதியது பள்ளத்திலிருந்து ஒரு பெண். நேரத்தையும் இடத்தையும் யாரும் கேட்பதற்கு முன்பே சேர்த்து எழுதியிருந்தார். நாங்கள் வாளிகளோடு இறங்கிப் போனபோது அவர் எங்களுக்கு வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.